பிள்ளைகளோடு மலையில் ஒரு ராத்திரி

"அண்ணே, மேல போகப்போகக் காத்து கம்மியாயிரும்ங்கிறாங்களே, சின்னவனுக்கு மூச்சு வாங்காதா?"

பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போய் டென்ட் போட்டு ஒரு ராத்திரி தங்கலாம் என்று ஆசைப்படுகிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்தது புலி. இப்போது கேட்டது எங்கள் தெருத் தம்பி. மூத்தது பெண், ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. திருமங்கலத்தில் ராத்திரி பதினோரு மணிக்கும் ஃபேன் காற்று அனலாகத்தான் இறங்குகிறது. பிள்ளைகள் செல்போனில் ஏதோ ஒரு மலை வீடியோவைப் பார்த்துவிட்டு, "நாமளும் டென்ட்ல தூங்கணும்" என்று பிடித்த பிடியை விடவில்லையாம். டீ சொல்லியாயிற்று. ஒவ்வொன்றாகப் பேசுவோம். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பிள்ளைகளோடு மலையில் படுப்பதைவிட வீட்டு மொட்டை மாடியில் படுப்பது மேல். சரியாகத் தெரிந்துகொண்டு போனால், அப்படி ஒரு ராத்திரியைப் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள்.

காற்று விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேலேயே இருக்கும். உயரத்தால் வருகிற தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். லடாக் போகிறவர்கள் படும் கவலையை நாம் படவேண்டியதில்லை. வீசிங் உள்ள பிள்ளை, இருதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஏறும்போது காது அடைக்கும். வாய் வாயாகத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் விட்டுவிடும். அழுத்தம் குறைவதால் பாதிக்கப்படுவது பிள்ளைகளைவிடப் பருப்புதான். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் பருப்பு வேக நேரம் ரொம்பப் பிடிக்கும். சின்னக் குக்கர் ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

பயப்படவேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. படுக்கிற தரை, மேலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பெய்கிற மழை, பக்கத்தில் வைத்த கரி அடுப்பு. இந்த மூன்றைப்பற்றி யாரும் கேட்பதே இல்லை. மலையில் குடும்பங்கள் மாட்டிக்கொண்ட கதைகளை எடுத்துப் பார்த்தால் புலி எங்கேயும் வராது. எங்கே படுத்தார்கள், எங்கே இறங்கினார்கள், எதை மூட்டினார்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப வரும்.

மலையில் பிள்ளைகுட்டிகளோடு தங்குவது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. சதுரகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து டி. கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்குப் போய் ஏறுவார்கள். பேரையூர், சாப்டூர் பக்கத்து ஜனம் வாழைத்தோப்பு வழியாகவும் ஏறும். ஆடி அமாவாசை என்றால் ஊரே கிளம்பும். கைப்பிள்ளை இடுப்பில், அரிசிச் சிப்பம் தலையில், சட்டி பானை இன்னொருவர் தோளில். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பசாமி என்று ஒவ்வொரு இடமாக உட்கார்ந்து எழுந்து மேலே சுந்தரமகாலிங்கம் சன்னதிக்குப் போய்ச் சேர்ந்தால், பாறையடியிலும் மரத்தடியிலும் ஜமுக்காளத்தை விரித்துவிடுவார்கள். டென்ட் இல்லை, ஸ்லீப்பிங் பேக் இல்லை. திருமங்கலம் வட்டாரத்தில் வயதான யாரைக் கேட்டாலும் சின்ன வயதில் அந்த மகாலிங்க மலையில் படுத்த ராத்திரியைச் சொல்வார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் கொஞ்ச வருஷத்திலேயே திருமங்கலத்திலும் ஒரு நிலையம் வைத்தார்கள். காலராவும் காய்ச்சலும் அவர்களைச் சும்மா விடவில்லை. மனைவிமாரையும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் புதைத்தார்கள். முதலில் சிறுமலைக்கு ஓடிப்பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் கூடவே வந்தது. அதற்கு மேல் உயரம் தேடிப்போய் 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து பெண்களையும் பிள்ளைகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்து நம் ஊர்க் கூலியாட்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வெள்ளகவி வழியாகப் போகிற ஒரு பழைய பாதை இன்றும் இருக்கிறது. கொடைக்கானல் இன்று தேனிலவுக்கும் சாக்லேட்டுக்கும் பேர்போன ஊர். அது உண்டானது மதுரைச் சமவெளியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் மிச்சப் பிள்ளைகளைக் காப்பாற்ற இடம் தேடியதால். சிறுமலையில் பலிக்காதது கொடைக்கானலில் பலித்தது. மலை என்று போனால் போதாது. மலையில் எந்த இடம் என்பதுதான் கேள்வி.

சதுரகிரிக்குத் திரும்புவோம், தம்பிக்கு முக்கியமாகச் சொல்லவேண்டியது அங்கேதான் இருக்கிறது. 2015 மே மாதம், அமாவாசை நேரம். ஆயிரக்கணக்கில் ஜனம் மேலே. மலை உச்சியில் மழை அடித்தது. சற்று நேரத்தில் ஓடைகள் பொங்கிப் பாதையை அறுத்துவிட்டன. கீழே இறங்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடையைக் கடக்கப் பார்த்தார்கள். சிலரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மற்றவர்களைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மீட்டார்கள். அதற்குப் பிறகுதான் கட்டுப்பாடுகள் இறுகின. இரவு தங்குவது நின்றது. 2021இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. ஏறும் நாளும் நேரமும் அவ்வப்போது மாறும்; கேட்டுக்கொண்டுதான் போகவேண்டும்.

"மழை பெய்யிறது தெரியாமலா ஓடையில இறங்குனாங்க?"

தெரியாது தம்பி. அதைத்தான் சமவெளிக்காரர்களான நாம் புரிந்துகொள்ளவேண்டும். நம் ஊரில் மழை பெய்தால் மண் குடிக்கும், கண்மாய் வாங்கிக்கொள்ளும், மிச்சம்தான் ஓடும்; வெள்ளம் வர மணிக்கணக்கில் ஆகும். மலையில் சரிவும் பாறையும். பெய்கிற தண்ணீர் நிற்க இடமில்லை. நாலா பக்கத்துச் சரிவிலும் விழுந்த மழை மொத்தமும் ஒரே ஓடைக்குள் வந்து விழும். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்; மேலே மூன்று நாலு கிலோமீட்டர் தள்ளி முகட்டுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருக்கும். கும்பக்கரை அருவியில் வானம் வெளுத்திருக்கும்போதே வனத்துறை ஆட்களை வெளியேற்றுவதும் இதனால்தான். கொடைக்கானல் பக்கம் பெய்த மழை அங்கே வந்து இறங்கும்.

ஓடை முன்கூட்டியே சொல்லத்தான் செய்யும். பளிங்காக ஓடிய தண்ணீர் திடீரென்று இந்த டீயின் நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சல் தடிக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் செருப்பை எடுக்க நிற்காமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அக்கரையில் வண்டி நிற்கிறது, சாமான் கிடக்கிறது என்று கடக்கவே கூடாது. முழங்கால் அளவு ஓட்டத் தண்ணீர் பெரிய ஆளையே சாய்த்துவிடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். வெள்ளம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதுவரை பசித்தாலும் நனைந்தாலும் இந்தக் கரையிலேயே இருக்கவேண்டும். அதேபோல, வறண்டு கிடக்கிற ஓடையின் மணல் படுக்கைபோல மெத்தென்று இருக்கும். டென்ட் போடக் கை அரிக்கும். அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே வெள்ளம்தான். கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். ஆட்டம் பாட்டம் எல்லாம் காலையில் வைத்துக்கொண்டு, இரண்டு மணிக்கு முன்னால் ஓடைப் பக்கத்தை விட்டு வந்துவிடுங்கள்.

"அப்ப எங்கிட்டுத்தான்ணே டென்ட் போடுறது? காட்டுக்குள்ள ஒரு ஓரமா...?"

காட்டுக்குள் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 1882இலிருந்து இருக்கிற சட்டம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பல பேர் இதை அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். குரங்கணியை நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச் 11. போடிக்கு மேலே கொழுக்குமலைப் பாதையில் சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சரிவு முழுக்க சுக்காய்க் காய்ந்த புல். தீ வந்தபோது ஓட வழி தெரியவில்லை. 23 பேர் போனார்கள். வெந்த உடம்போடு பல பேரை நம் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள்; அந்த நாட்களை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சமதளத்தில் தீயைத் தாண்டி ஓடிவிடலாம் என்று தோன்றும். சரிவில் சூடு மேல்நோக்கிப் போய், மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடும். சரிவு பத்து டிகிரி கூடக்கூடத் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேல்நோக்கி ஓடி அதை ஜெயிக்கவே முடியாது. பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைக்கோ ஏற்கெனவே எரிந்துபோன கருந்தரைக்கோ போகவேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பிள்ளைகளோடு புல்மலைக்குப் போகவே போகாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

குரங்கணிக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஆரம்பித்து, மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால், அந்தந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வழிகாட்டியாகக் கூட வருவார்கள். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்குப் போவது அதில் ஒன்று. குரங்கணியிலும் ஒன்று இருக்கிறது. பத்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் பெற்றோரோடு எளிய பாதைகளில் மட்டும் போகலாம். தீக்காலத்தில் மூடிவிடுவார்கள், 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தது. காட்டைப் பகலில் இப்படி ஆள்துணையோடு பார்த்துவிட்டு, ராத்திரிக்குப் பட்டா நிலத்துக்கு வந்துவிடுங்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், தாண்டிக்குடி, சிறுமலை பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் வீட்டோடு சேர்த்துத் தங்க இடம் தருகிறார்கள். அதிலும் எல்லாம் ஒன்றல்ல. அனுமதி வாங்கியிருக்கிறார்களா, நிலம் காட்டை ஒட்டியிருக்கிறதா, டென்ட்டுக்குப் பக்கத்தில் சுவர் வைத்த கட்டடமும் கழிப்பறையும் உண்டா, ராத்திரி அங்கே ஆள் படுத்திருப்பாரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தை விட்டுவிடுங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடிக்குப் பக்கம், காட்டோரத்து ரிசார்ட்டின் டென்ட்டில் தங்கிய ஒரு பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. டென்ட் துணி யானைக்குச் சுவர் ஆகாது. மின்வேலி, காவலாள் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைவிட, அந்த நிலத்தில் கடைசியாக எப்போது யானை வந்தது என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்பது உபயோகமாக இருக்கும். கொடைக்கானல் பக்கம் காட்டுமாடு ஊருக்குள்ளேயே உலாத்தும். பிள்ளைகளைக் கிட்டே நிறுத்திப் போட்டோ எடுக்காதவரை அது பாட்டுக்குப் போய்விடும். சாப்பாடு, பிஸ்கட், பழம் எதையும் டென்ட்டுக்குள் வைக்காதீர்கள். காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வரும். வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. இனி தரை.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி இறங்கும். திருமங்கலம் நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் அதற்கு மேல் இரண்டாயிரம் மீட்டர். ஆக, பதின்மூன்று டிகிரி. மே மாத ராத்திரியில்கூட அங்கே பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு இறங்கும். டிசம்பர், ஜனவரியில் பள்ளமான புல்வெளிகளில் உறைபனியே விழும். இதைக் கேட்டதும் எல்லாரும் வாங்குவது ஸ்வெட்டர், மங்கி குல்லா, கனத்த கம்பளி. எல்லாம் மேலே போட்டுக்கொள்வது. குளிர் வருவதோ கீழே இருந்து. படுத்திருக்கிற உடம்பின் சூட்டைத் தரை விடிய விடிய உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே இரண்டு கம்பளி போர்த்தியிருந்தாலும், உடம்பின் பாரத்தில் கீழ்ப்பக்கம் நசுங்கிப்போன துணியில் காற்றே இருக்காது. காற்று இல்லாத துணி குளிரைத் தடுக்காது. மொட்டை மாடியில் கோரைப்பாயை விரித்துக் குளிர்ச்சியாகப் படுத்துப் பழகிய உடம்பு நம்முடையது. அதே பாய் மலையில் பிள்ளையின் முதுகைச் சில்லிட வைத்துவிடும். நடுராத்திரி எழுந்து பிள்ளையின் முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் சரி. சில்லென்று இருந்தால், போர்த்தியிருக்கிற கம்பளியில் ஒன்றை எடுத்துக் கீழே விரியுங்கள். யோகாவுக்கு விற்கிற ஃபோம் பாய் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதன்மேல் ஜமுக்காளம் விரித்தால் போதும். அதிக விலைச் சாமான் எதுவும் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எடைக்கு ஏற்ற கணக்கில் பார்த்தால் அவர்கள் உடம்பின் மேற்பரப்பு நம்மைவிட அதிகம். சூடு சீக்கிரம் வெளியேறும். அது போதாதென்று பகல் முழுக்க ஓடியாடி வியர்த்த பனியனோடு அப்படியே தூங்கிவிடுவார்கள். ஈரத் துணி உடம்புச் சூட்டைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். இருட்டுவதற்கு முன்னால் பனியன், ஜட்டி, சாக்ஸ் உட்பட எல்லாவற்றையும் உலர்ந்ததாக மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கென்று ஒரு செட் உடுப்பைத் தனிப் பாலிதீன் பையில் கட்டி, பகலில் யார் கேட்டாலும் எடுக்காமல் வைத்திருக்கவேண்டும். பிள்ளை நடுங்கினால் பதறாமல் கதகதப்பாகப் போர்த்துங்கள். நடுக்கம் உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் வழி. ஓடிக்கொண்டிருந்த பிள்ளை உம்மென்று உட்கார்ந்துவிட்டால், பேச்சுக் குழறினால், கால் பின்னினால், நடுக்கம் தானாக நின்று தூக்கக் கலக்கமாகச் சொருகினால் அதுதான் அபாயம். உடனே கட்டடத்துக்குள் கொண்டுபோய், ஈர உடுப்பைக் கழற்றிவிட்டு, உங்கள் மாரோடு அணைத்து ஒரே கம்பளிக்குள் போர்த்துங்கள். முழு நினைவோடு இருந்தால் சர்க்கரை போட்ட சூடான பால் கொடுங்கள். கை காலைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. டாக்டரைப் பார்க்கத் தயங்கக் கூடாது. டென்ட்டைக் கழிப்பறையும் சுவரும் உள்ள கட்டடத்துக்குப் பக்கத்தில் போடச் சொன்னது இதற்காகத்தான்.

டென்ட் போடும் இடத்தைப் பள்ளத்தில் பார்க்காதீர்கள். குளிர்ந்த காற்று கனம். ராத்திரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். முகட்டு நுனியும் வேண்டாம், காற்றும் இடியும் அங்கே. இரண்டுக்கும் நடுவே, தண்ணீர் ஓடி வடிகிற லேசான மேடு. தலைக்கு மேல் பட்ட மரக்கிளை இருக்கக் கூடாது. ஜிப்பை முழுக்க மூடிவிட்டால் நாலு பேர் மூச்சு விட்ட ஈரம் துணியில் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் பிள்ளை முகத்தில் சொட்டும். மேல்பக்கக் காற்று வழியைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், குளிர் தெரிந்தாலும் பரவாயில்லை.

காற்று வழி என்றதும், நான் மிகவும் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். கரி அடுப்பு. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் சின்னப்பள்ளம் பக்கம் தங்கியிருந்த இளைஞர்கள், பார்பிக்யூ போட்ட அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். காலையில் இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. புகை இருந்தால் இருமல் வரும், கண் எரியும், எழுந்து ஓடுவோம். சிவந்து கனிகிற கரியில் புகையே இருக்காது; குளிருக்கு இதமாக இருக்கும். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்கிற ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். லேசான தலைவலி, அசதி, தூக்கம். மலை ஏறிய களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். பிள்ளைகள் நிமிஷத்துக்கு நம்மைவிட அதிகம் மூச்சு விடுவதால் அவர்களுக்குத்தான் முதலில் ஏறும். டென்ட்டுக்குள்ளோ அறைக்குள்ளோ கரி, விறகு, கேஸ் ஸ்டவ் எதுவும் எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது. அணைந்ததுபோல் சாம்பல் பூத்துக் கிடக்கிற கரியும் அப்படித்தான். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே என்கிற சமாதானமும் வேண்டாம். வெளியே தணல் போட்டுச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுங்கள், சோளம் சுடுங்கள். படுக்கப்போகும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, கை வைத்தால் சுடவில்லை என்று பார்த்துவிட்டு வாருங்கள். படுக்கையில் கதகதப்பு வேண்டுமா, வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடி, துணி சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உசிலம்பட்டி, வத்தலக்குண்டு வழியாக மலைக்குப் போகலாம். முந்தின ராத்திரி ஊர்ப் பெருமைக்குக் கறிப் பரோட்டாவை ஒரு பிடி பிடித்துவிட்டு விடியற்காலை கொண்டை ஊசி வளைவில் ஏறினால் பிள்ளைகள் வாந்தி எடுக்கத்தான் செய்வார்கள். வளைவில் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர்கிறது. செல்போனைப் பார்க்கிற கண்ணோ ஆட்டம் இல்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். இரண்டு இட்லி, போனுக்கு லீவு, ஜன்னல் வழியாக எட்ட இருக்கிற மலையைப் பார்க்கச் சொல்வது, பாதி தீர்ந்தது. கொடைக்கானல் போவதானால் இ-பாஸ் எடுக்கவேண்டும். 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடை சீசனுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. வீட்டிலிருந்து கேன் கொண்டுபோங்கள். மழை பெய்த ஈரக் காட்டில் அட்டை ஏறும். பிடித்து இழுக்காதீர்கள், உப்பை வைத்தால் விழுந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஏதோ சுரக்கும், அதனால் கொஞ்ச நேரம் கசியும். அலறுகிற பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

நாலு வயதுப் பையனோடு முதல் தடவை என்றால் நேரே மன்னவனூர் வேண்டாம். சிறுமலையோ தாண்டிக்குடியோ போங்கள். உயரம் குறைவு, குளிரும் தாங்கும், திடீரென்று இறங்கவேண்டி வந்தால் திண்டுக்கல்லுக்கோ வத்தலக்குண்டுக்கோ சீக்கிரம் வந்துவிடலாம். கோடை மழை இரண்டு மூன்று பெய்து புல் பச்சை பிடித்த பிறகு, மே கடைசியில் போகலாம். அதைவிடக் காலாண்டு விடுமுறை நல்லது, கூட்டம் குறைவு. அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. மண் சரியும், போகாதீர்கள். போவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி அதே டென்ட்டை உங்கள் வீட்டு மொட்டை மாடியில் போட்டு, நாலு பேரும் உள்ளே படுத்துப் பாருங்கள். வெந்துதான் போவீர்கள். ஆனால் டார்ச் எங்கே, செருப்பு எங்கே, ராத்திரி ஒன்றுக்கு வந்தால் யாரை எழுப்புவது, ஜிப் எந்தப் பக்கம் என்பது சின்னவனுக்குப் பழகிவிடும். இருட்டில் அழுகிற பிள்ளைகள் பெரும்பாலும் குளிரால் அழுவதில்லை, இடம் தெரியாமல்தான் அழுகிறார்கள்.

"எங்கம்மாவும் வரேங்குதுண்ணே. கால் வலிக்காரி. விட்டுட்டுப் போகவா?"

கூட்டிப்போங்கள். மகாலிங்க மலையில் பாறையடியில் படுத்த தலைமுறை அது. உங்களுக்கும் எனக்கும் தெரியாதது அவருக்குத் தெரியும். டென்ட்டுக்குள் குனிந்து தவழ்ந்து போவதும் தரையிலிருந்து எழுந்திருப்பதும்தான் அவருக்குக் கஷ்டம். பக்கத்துக் கட்டடத்தில் கட்டில் உள்ள அறை ஒன்றைச் சேர்த்துப் பேசுங்கள், டென்ட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். ராத்திரி சின்னவன் டென்ட் வேண்டாம் என்று அடம்பிடித்தாலும் ஆத்தாவின் கட்டில் இருக்கும்.

அம்மாவின் வெந்தய டப்பா, மாத்திரை, குடை, சால்வை எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துவையுங்கள். பிரஷர் மாத்திரையை வண்டியின் பின்னால் மூட்டைக்குள் கட்டிவிடாமல் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.